ஊருக்கு முதுகைக் காட்டி

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் மலைக்கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பக்தி என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. தினம் நடக்க வேண்டுமென்று டாக்டர் உத்தரவு. ஓசூரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிர்ப்பயம் இல்லாமல் நடக்கக்கூடிய இடம் சந்திரசூடேஸ்வரர் குடியிருக்கும் அந்த மலை ஒன்றுதான். பாதி வழியில், பாறையோரமாக, ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள், வழுக்கைத் தலையுடன் ஒரு பெரியவர், மற்றவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற வயதுப் பிள்ளைகள். பெங்களூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

படம் வரைகிறவர்களின் பின்னால் நின்று பார்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பலவீனம். நின்று பார்த்தேன். நன்றாகவே வரைந்தார்கள். ஒருவருக்குக் கோபுரம் அழகாக வந்திருந்தது. இன்னொரு பெண், படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த கிழவியை நாலைந்து கோட்டில் பிடித்துவிட்டாள். கிழவியின் முதுகு வளைவில் அவளுடைய வயது முழுவதும் இருந்தது. பார்க்கப் பார்க்க சந்தோஷமாக இருந்தாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கோயிலையும் பாறையையும் பார்த்து. அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், கீழே, ஊர் கிடந்தது: தகரக் கூரை வேய்ந்த ஆலைகள், மேம்பாலம், தீப்பெட்டி அடுக்கியதுபோல் மூன்று மாடி விடுதிகள், அவற்றின் மொட்டைமாடிகளில் வரிசை வரிசையாக ஒரே நிறச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு பேரில் ஒருவர்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லை.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அதே பாறையில் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்து எழுதியவன்தான். சில வருஷங்களுக்கு முன் இந்த ஊரை வைத்து ஒரு நாவல் எழுதினேன். தேர்ப்பேட்டை, ஓட்டு வீடு, முற்றத்துப் பலாமரம், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஒரு பாட்டி — எல்லாம் அதில் உண்டு. நல்லபடியாகவே சொன்னார்கள். ஒரு நாள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "புஸ்தகம் ரெண்டு தடவை படிச்சேன் சார். நீங்க எழுதியிருக்கிற ஊரு ரொம்ப நல்லாயிருக்கு. நாங்க அத்தனை வருஷமா எந்த ஊர்லே இருந்தோம்னுதான் தெரியலே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் போன பிறகு நாவலை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். முந்நூறு பக்கத்தில் ஆலையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: தூரத்தில் சங்கு ஊதுவதாக. அந்தச் சங்குக்கு யார் எழுந்து போகிறார்கள் என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஓசூர் என்ற பேருக்கே புது ஊர் என்றுதான் அர்த்தம். கன்னடத்தில் ஹொஸ ஊரு. புது ஊர் என்று பேர் வைத்துக்கொண்ட ஊருக்கு வந்து, பழசு எங்கே இருக்கிறது என்று தேடி வரைகிறோம், எழுதுகிறோம். இங்கே பழசு இல்லாமல் இல்லை. பக்கத்திலே தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த வீடு இருக்கிறது. ஆனால் இன்றைய ஊரைச் செய்தது 1970களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டை. 1980இல் லாரி செய்யும் ஆலை வந்தது. அதே வருஷம் இங்கிருந்து மொபெட் வெளிவந்தது. எண்பதுகளின் நடுவில் கடிகாரம் வந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி ஜில்லா ஆயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. 2020க்குப் பிறகு கைப்பேசி உதிரிபாகங்களுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும் ஆலைகள் வந்து, ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். இத்தனையும் ஒரு மனிதர் ஆயுளுக்குள் நடந்தது. இதை யார் வரைந்திருக்கிறார்கள் என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

ஓசூரை யாருமே வரையவில்லை என்பதல்ல. சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், இருநூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே இந்தப் பிரதேசம் உலகப் பிரசித்தி பெற்ற சித்திரங்களில் வந்துவிட்டது. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மூன்றாம் மைசூர் யுத்தத்தில் கும்பெனிப் படை போன வழியைப் பின்பற்றிப் பாராமகால் வழியாக வந்தார்கள். பல்லக்கும் சுமைகாரர்களுமாகப் பெரிய பரிவாரம். ராயக்கோட்டை, ஜகதேவி, ஓசூர் என்று மலைக்கோட்டைகளை வரைந்து, லண்டனுக்குத் திரும்பி, 1795 முதல் 1808 வரையில் 'ஓரியண்டல் சீனரி' என்று 144 தகடுகளாக வெளியிட்டார்கள். ஓசூரை 'ஔஸூர்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பேர்களை வெள்ளைக்காரர்கள் உச்சரித்த விதத்துக்கு இது ரொம்ப மோசமில்லை. ராபர்ட் ஹோம் என்று இன்னொருவர் காரன்வாலிஸின் சேனையோடேயே வந்து வரைந்து 1794இல் புஸ்தகம் போட்டார்.

டேனியல்களின் கை அபாரமான கை. பாறைக்கு மேல் பாறை ஏறி நிற்கிற அந்த மலைகளின் கனத்தை, அவற்றின் மேல் விழுகிற சாயங்கால வெயிலை, அவர்களுக்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிக் காட்டியதில்லை என்றே சொல்வேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல்லுக்காக மலைகளைப் பலகை பலகையாக அறுத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள்; ஒரு காலத்தில் அந்த மலைகளின் அண்ணன் தம்பிகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள டேனியல்களிடம்தான் போகவேண்டும். ஆனால் அந்தப் படங்களில் மனிதர்களைப் பாருங்கள். விரற்கடை உயரம். ஒருவன் குடத்தோடு போவான், இருவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மலை எவ்வளவு பெரியது என்று அளந்து காட்ட வைத்த அளவுகோல்கள் அவர்கள். முகமும் பேரும் அளவுகோலுக்கு எதற்கு? அவர்களில் ஒருவராவது அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்திருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. படம் விற்றது லண்டனில்.

அங்கேதான் எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. மாறுகிற ஊரை வரைகிறவர் பழசை வரைகிறாரா புதுசை வரைகிறாரா என்று நாம் சண்டை போடுகிறோம். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, படத்துக்குள் இருக்கிற ஆள் அந்தப் படத்தைப் பார்ப்பாரா என்பது. பார்த்துவிட்டு, 'இது நான்தான்' என்றோ, 'இது நானில்லை' என்றோ சொல்லக்கூடிய தூரத்தில் அவர் இருக்கிறாரா?

பழசா புதுசா என்ற சண்டைக்குப் பெரியதொரு முன்னுதாரணம் பாரிஸ் நகரம். 1853இல் ஓஸ்மான் என்ற அதிகாரி பொறுப்பேற்றுப் பழைய பாரிஸைச் சந்து சந்தாக இடித்து அகல வீதிகள் போட்டார். அதற்குச் சற்று முன்பிருந்தே ஷார்ல் மெரியோன் என்பவர் பழைய பாலங்களையும் கரையோரக் கட்டடங்களையும் செப்புத் தகட்டில் செதுக்கிக்கொண்டிருந்தார். கப்பற்படையில் இருந்து விலகி வந்தவர். நிறம் பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு வராததால் வர்ணத்தை விட்டுக் கோட்டைப் பிடித்தவர். பின்னால் சித்தம் பேதலித்தது. அதே தகடுகளை மறுபடி எடுத்து, பாரிஸ் வானத்தில் விசித்திரமான பறவைக் கூட்டங்களைப் பறக்கவிட்டார். 1868இல் மனநோயாளர் விடுதியில் இறந்துபோனார். அவருடைய படங்களில் கல் பேசும். மனிதர்கள் சிறு நிழல்களாகத் திரிவார்கள்.

அதே சமயம் அதே ஊரில் கான்ஸ்டாண்டின் கீஸ் என்று இன்னொருவர். கிரிமிய யுத்தத்தில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காகப் படம் வரைந்து அனுப்பியவர். அவருக்குக் கட்டடம் லட்சியமில்லை. கோச்சு வண்டி, சிப்பாய், நாடகக் கொட்டகைக்குப் போகிற பெண்கள், அவர்கள் பாவாடையின் சுருக்கம் — இவைதான். பகலெல்லாம் தெருவில் சுற்றிவிட்டு ராத்திரி விளக்கடியில் ஞாபகத்திலிருந்து வேக வேகமாக வரைவாராம். கவிஞர் போதலேர் 1863இல் இவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதி, நவீன வாழ்வின் சித்திரக்காரர் இவர்தான் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கீஸுக்குக் கூச்சம், பேரைப் போடக்கூடாது என்று விட்டார். கட்டுரை முழுவதும் வெறும் எழுத்தாகத்தான் வருகிறார். வேடிக்கை என்னவென்றால், மெரியோனையும் கொண்டாடியவர் இதே போதலேர்தான். போகிறதை வரைகிறவர், வருகிறதை வரைகிறவர் இருவரும் ஒரு ரஸிகருக்குள் சண்டையில்லாமல் இருந்திருக்கிறார்கள். ஆகவே நாமும் கோயிலை வரைகிறவரைக் கேலி செய்துவிட்டு ஆலையை வரைகிறவருக்கு மாலை போட அவசரப்பட வேண்டியதில்லை.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகை வாசகருக்குக் கோட்டுச் சித்திரம் புதிதல்ல. சில்பி 'ஆனந்த விகட'னுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலையின் எதிரே உட்கார்ந்து, கண்ணால் பார்த்தே வரைந்தார். 'தென்னாட்டுச் செல்வங்க'ளை வெட்டி எடுத்து பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. வாசகர்கள் அதே கோயிலுக்குப் போனால், படத்தில் இருந்த விரல் மடிப்பு கல்லிலும் இருக்கிறதா என்று சரிபார்க்க முடிந்தது. கோபுலு மனிதர்களை வரைந்தார். அவருடைய நகைச்சுவைச் சித்திரத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கும் மாமாவையும் இடுப்பில் கையூன்றி நிற்கும் மாமியையும் பார்த்து, "அடடே, நம்ம ஆத்து மனுஷாளாச்சே!" என்று மெட்ராஸ் மாமாக்களும் மாமிகளும் சிரித்தார்கள். படத்தில் இருந்தவர்களே பத்திரிகையை வாங்கினார்கள். அந்தச் சித்திரங்களின் உயிர் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த வீட்டுக்குத் தண்ணீர் தூக்கி வந்தவர் பத்திரிகை வாங்கவில்லை; அவர் மூலையில் அளவுகோலாக நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதுரைக்கு மனோகர் தேவதாஸ் இருந்தார். 1936இல் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் படித்து, சென்னையில் பாட்டரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விழித்திரை நோயினால் பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. மனைவி மஹிமாவுக்கு 1972இல் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோயிற்று. இத்தனைக்கும் நடுவில் மெல்லிய பேனாவால் கோட்டின்மேல் கோடு போட்டு மதுரையை வரைந்துகொண்டே இருந்தார்: யானைமலை, கோபுரங்கள், தான் விளையாடிய கிணறு. 'கிரீன் வெல் இயர்ஸ்' என்று ஆங்கிலத்தில் நாவலும் எழுதினார். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் காலமானார். அவருடைய மதுரை நாற்பது ஐம்பதுகளின் மதுரை என்று யாராவது குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணிலிருந்து போய்க்கொண்டே இருக்கிற ஊரை ஒருவர் கையால் பிடித்துவைத்தார். அங்கே பழசு என்பது சொகுசு அல்ல. தவிர, அந்த நாவலில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளர்ந்து, அதைப் படித்து, 'இல்லையப்பா, அன்றைக்கு முதலில் குதித்தது நான்' என்று சொல்லக்கூடிய மதுரை அது.

பெங்களூருக்கும் ஒருவர் உண்டு, பால் பெர்னாண்டஸ். 1960, 70களின் கண்டோன்மெண்ட் வாழ்க்கையைக் கேலிச் சித்திரமாக வரைந்தவர். வேலியில்லாத பங்களாக்கள், சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர், சினிமாக் கொட்டகை வாசல். மெட்ரோ ரயிலும் மாடிக் கட்டடங்களும் விழுங்கிவிட்ட ஊர் அது. பெங்களூர்க்காரர்கள் அந்தப் படங்களை வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் நூறு வீட்டுச் சுவரில் அதே படத்தைப் பார்க்கும்போது ஒரு சந்தேகம் வருகிறது: மாட்டியிருப்பவர்களில் அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் வேறொருவருடைய பால்யத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். என் நாவலுக்குக் கிடைத்த பாராட்டிலும் அந்தச் சரக்கு கொஞ்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மலையில் பார்த்தவர்கள் வேறு வம்சம். 2007இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த பத்திரிகைச் சித்திரக்காரர் கேப்ரியல் கம்பனாரியோ ஆரம்பித்துவைத்த காரியம் இது. 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்று பேர். இன்று உலகத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் இப்படிக் கூடி வரைகிறார்கள். சில விதிகள் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும். கண்ணால் கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும். படம் அந்த இடத்துக்கும் அந்த வேளைக்கும் சாட்சி. இந்த வழியில் வராத எத்தனையோ குழுக்களும் இதே பாணியில் ஞாயிறு தோறும் வரைகின்றன. கையில் செல்போன் வைத்துக்கொண்டு நொடிக்கு ஒரு போட்டோ எடுக்கிற காலத்தில், ஒரு டீக்கடையின் எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதைப் பார்க்க மனிதர்கள் முன்வருகிறார்கள் என்பதே பெரிய விஷயம். போட்டோ எடுத்தவன் எடுத்ததும் போய்விடுகிறான். வரைகிறவர் போக முடியாது. உட்கார்ந்தே தீர வேண்டும். அதற்குள் டீ ஆற்றுகிறவர் எட்டிப் பார்ப்பார். "என் மீசையை விட்டுட்டீங்களே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த இயக்கத்தை நான் ஆதரிப்பேன்.

குறை என்னவென்றால், இந்தப் படங்கள் ரொம்பவும் இனிக்கின்றன. சுவர்க் காரைகூட உதிரும்போது அழகாகவே உதிர்கிறது. மஞ்சள் ஆட்டோ, பூக்கடை, பழைய பால்கனி, மழையில் குடை — உலகத்தில் எந்த ஊர்ப் படத்தைப் பார்த்தாலும் அதே இளவெயில். 'கண்டதற்கு உண்மை' என்பது விதி. ஆனால் எதைக் காண உட்காருவது என்பதை விதி சொல்லவில்லை, அது ஞாயிற்றுக்கிழமையின் சௌகரியத்தைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலையின் ஷிப்டு மாறுகிறதா என்று மலைமேல் இருந்தவர்களுக்குத் தெரியாது. மாறுகிறது.

இந்த இடத்தில் சித்தப்ரசாத் ஞாபகத்துக்கு வருகிறார். 1943இல் வங்கப் பஞ்சத்தின்போது மிதினாப்பூர் ஜில்லாவில் கால்நடையாகப் போய், பட்டினி கிடந்தவர்களை மையால் வரைந்தவர். டேனியல்களின் படங்களில் பார்க்க முடியாத ஒன்று அவருடைய படங்களில் இருக்கிறது: வரைந்தவர்களின் பேரையும் ஊரையும் கேட்டுப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். 'ஹங்கிரி பெங்கால்' என்று சிறு புஸ்தகமாக 5,000 பிரதி அச்சாயிற்று. பிரிட்டிஷ் சர்க்கார் பறிமுதல் செய்து கொளுத்திற்று. தெருவைப் பார்த்து வரைவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகவே இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஓசூரில் இன்று பஞ்சம் இல்லை. சம்பளம் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது. பஞ்சத்தை வரைந்த கோட்டை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் பேரைக் கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பஞ்சம் வரவேண்டும் என்பதில்லை.

ஓசூரை வரைவது சுலபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொழிற்பேட்டைச் சாலையில் நோட்டைப் பிரித்துக்கொண்டு நின்றால் ஐந்தாவது நிமிஷம் காவலாளி வந்து, "இன்னா சார் எழுதுறே?" என்பார். ஆலை என்றால் மதில்தான் தெரியும். மதிலை எத்தனை வரைவது? ஆட்களோ நிற்பதில்லை. சூசூவாடியில் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகிற கூட்டமும், இந்தப் பக்கம் வருகிற கூட்டமும் காலை ஏழு மணிக்கு ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்போது, யாருக்கும் உங்கள் முன்னால் முகம் காட்டி நிற்க அவகாசம் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள், தங்களை யாராவது உற்றுப் பார்த்தால் காண்டிராக்டர் ஆளோ போலீஸோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பெண்கள் விடுதி எதிரே ஒருவன் நோட்டோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் முயன்று பார்த்தேன். படம் எனக்கு வராது, பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த பசுவைப் பார்த்து டிராயிங் மாஸ்டர், "இது மேஜையா?" என்று கேட்டார். எழுத்தால் வரையலாமே என்று ராயக்கோட்டை ரோடு டீக்கடையில் பத்து நாள் உட்கார்ந்தேன். பத்தாம் நாள் என் குறிப்புப் புஸ்தகத்தில் டீக்கடைக்காரரைப் பற்றித்தான் நிறைய இருந்தது. மற்றவர்கள் எல்லாம் 'ஒரு பையன்', 'இரண்டு பெண்கள்'. விரற்கடை உயரத்து மனிதர்கள்.

அந்த டீக்கடையில்தான் அவனைச் சந்தித்தேன். பேர் வேண்டாம், அவனுக்கு அதில் இஷ்டமில்லை. கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு கிராமம். அப்பாவுக்கு மாந்தோப்பில் குத்தகை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு இங்கே ஓர் உதிரிபாக ஆலையில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். நான் எழுதிக்கொண்டிருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "கதையா சார்?" என்று கேட்டான். பிறகு இரண்டு நாள் கழித்துப் பையிலிருந்து ஒரு கோடு போடாத நீள நோட்டை எடுத்துக் கொடுத்தான்.

நோட்டு முழுவதும் பஸ்ஸுக்குள் தூங்குகிற மனிதர்கள். பால்பாயிண்ட் பேனா. ஜன்னலில் சாய்ந்த தலை, முன் சீட்டுக் கம்பியில் கவிழ்ந்த தலை, வாயைப் பிளந்து அண்ணாந்த தலை. கழுத்திலிருந்து தொங்குகிற அடையாள அட்டை, மடியில் டிபன் பாக்ஸ், ஒரு பெண்ணின் தோளில் இன்னொரு பெண் சாய்ந்து, இருவர் காதிலும் ஒரே பாட்டுக் கம்பி. சித்திர சாஸ்திரப்படி பார்த்தால் குற்றங்கள் ஏராளம். கை வரவே வரவில்லை, விரல்களெல்லாம் முருங்கைக்காய். சீட்டுகளின் தூரம் அளவு பிசகிப் பின்சீட்டு ஆள் முன்சீட்டு ஆளைவிடப் பெரியவனாக இருக்கிறான். ஆனால் தூக்கம் இருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவனின் தூக்கம் வேறு, காலையில் போகிறவளின் தூக்கம் வேறு என்று அந்தக் கோணல் கோட்டில் தெரிந்தது. நான் எந்தச் சித்திரத்திலும் அதைப் பார்த்ததில்லை. எந்தக் கதையிலும் படித்ததில்லை, என்னுடையதிலும் சேர்த்துத்தான்.

பல படங்களில் ஒரு கோடு திடீரென்று எகிறிக் காகிதத்தின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது. வேண்டுமென்று போட்டதா என்று கேட்டேன். அந்த எகிறலில் ஏதோ உட்பொருள் இருக்குமென்று என் விமரிசக புத்தி அலைந்தது.

"அது சூளகிரி கிட்டே சார். அங்கே ஸ்பீடு பிரேக்கர். பேனா எகிறிடும்."

ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதியும், யார் என்பதும் இருந்தது. முழுப் பேர் இல்லை. 'பெயிண்ட் ஷாப் குமாரண்ணன்', 'ஆறாம் நம்பர் ஸ்டாப் அக்கா', 'புதுசா வந்த ஒடிசா தம்பி' என்று. தூங்குகிறவர்களை அவர்களுக்குத் தெரியாமல் வரைவது சரியா தம்பி என்று கேட்டேன். என்னையறியாமல் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவன் அவசரமாகச் சொன்னான்: "எல்லாருக்கும் காட்டிடுவேன் சார். வேணாம்னு சொன்னா கிழிச்சு அவங்க கிட்டயே குடுத்துடுவேன். மூணு பேர் வாங்கிட்டுப் போய்ட்டாங்க." நோட்டின் நடுவில் மூன்று இடங்களில் கிழித்த ஓரம் இருந்தது.

மலைமேல் வரைகிறவர்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சேர்ந்துகொள்ளலாம், கை விரல் வரைய அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது என்றான். பிறகு, அவர்கள் எந்த பஸ்ஸில் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டான்.

நோட்டில் கடைசிப் படம் ஒரு பெண்ணுடையது. ஜன்னலோரம், துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். ஒரு காது மட்டும் வெளியே தெரிகிறது. அதே பக்கத்தின் மூலையில், படத்துக்குச் சம்பந்தமில்லாமல், இன்னொரு காது தனியாக வரைந்திருந்தது, முன்னதைவிடச் சிறியதாக, ஒரு ஜிமிக்கியோடு. இது எதற்கு என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு முழிச்சிக்கிட்டா சார். வாங்கிப் பார்த்துட்டு, எனக்குக் காது இவ்வளவு பெருசாவா இருக்குன்னு சண்டை. பேனாலே போட்டதை அழிக்க முடியாதில்லே? அடுத்த நாள் நேரா உக்காந்து, இப்ப பார்த்துப் போடுன்னா. போட்டேன்."